காஞ்சிபுரத்துக் கிணறும் லடாக்கின் உறைநிலமும்

மார்கழி விடியக்காலையில கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். சித்திரை மத்தியானத்துல அதே தண்ணி சில்லுன்னு இருக்கும். பிள்ளையார்பாளையத்து வீட்டில் சின்ன வயசிலிருந்து பார்த்த விஷயம். தண்ணி அப்படியேதான் இருக்கு, மேலே காத்துதான் மாறுது என்பதை எனக்குக் கணக்கோட புரியவைத்தது, நம்ம ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று: பெர்மாஃப்ராஸ்ட், அதாவது உறைநிலத்தைக் கணிக்கும் கட்டற்ற மென்பொருள்.

குறைந்தது 2 வருஷம் தொடர்ந்து 0 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிற நிலம்தான் உறைநிலம். சைபீரியா, அலாஸ்காவில் மட்டும் இல்லை, நம்ம இமயமலையிலும் இருக்கு. 2023 அக்டோபர் 3 ராத்திரி, சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்குள் பக்கத்து மேடு ஒன்று சரிந்து விழுந்தது. பனியாறு குவித்துவைத்த கல்லும் மண்ணும் உறைந்து நின்ற மேடு அது. ஏரி உடைந்து வந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது, பல உயிர்களும் போயின. எந்த மேடு எவ்வளவு ஆழம் வரை இளகியிருக்கு என்பதை மலை முழுக்கக் குழி தோண்டிப் பார்க்க முடியாது. அதனாலதான் கணினி மாதிரி தேவைப்படுது.

மாதிரியின் அடிப்படை எளிமையானது. மேலே ஏறி இறங்கும் வெப்பம் மண்ணுக்குள் அலை மாதிரி இறங்கும், இறங்க இறங்கத் தேயும். சாதாரண ஈர மண்ணில் பகல்-இரவு அலை சுமார் 12 செ.மீ. ஆழத்திலேயே மூணில் ஒரு பங்காகிவிடும். கோடை-குளிர் என்கிற வருஷ அலை அதைவிட 19 மடங்கு ஆழம் போகும். 365-இன் வர்க்கமூலம்தான் அந்த 19. ஆக, சுமார் இரண்டேகால் மீட்டர். 7 மீட்டர் ஆழத்துக்குக் கோடை போய்ச் சேர அரை வருஷம் ஆகும், அதுவும் நூற்றுக்கு நாலு பங்குதான் மிஞ்சும். கிணத்து ரகசியம் இவ்வளவுதான்.

லடாக்கில் கூடுதலா ஒரு சிக்கல்: பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பத்தில், ஒரு கிலோ தண்ணியை 0-விலிருந்து 80 டிகிரி வரை சுடவைக்கலாம். அதனால உருகும்போது மண் 0 டிகிரியிலேயே நாள்கணக்கில் நின்றுவிடும்.

இதுக்கான மென்பொருள்களில் நான் பார்த்தவை இரண்டு. இத்தாலியின் ட்ரெண்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ஜியோடாப், ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கிரையோகிரிட். இரண்டின் நிரலும் திறந்தே இருக்கு. ஆனா கிரையோகிரிட் ஓட மேட்லேப் வேணும், அதுக்குக் காசு கட்டணும். அதனால ஜியோடாப்பில் ஆரம்பிச்சேன். லேயிலிருந்து கர்துங் லா போகும் வழியில், சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சௌத் புல்லுவில் நடந்த ஆய்வுக்கும் இதைத்தான் பயன்படுத்தினாங்க. அந்தக் கட்டுரை 2021-இல் வந்தது.

புரிஞ்சுக்கறதுக்காக நானே பைத்தானில் ஒரு குட்டி மாதிரி எழுதினேன், சரியாச் சொதப்பினேன். 0 டிகிரியை ஒட்டின இடத்தில் மட்டும் உருகு வெப்பத்தைச் சேர்க்கணும்னு எழுதிவிட்டு, நாளுக்கு ஒரு தடவைதான் கணக்குப் போடவைத்தேன். மண் ஒரே தாவலில் -1-லிருந்து +1-க்குப் போய்விட்டது. பனிக்கட்டி ஓசியிலேயே உருகிவிட்டது! மணிக்கு ஒரு தடவை கணக்குப் போடவைத்ததும்தான் மண் 0-வில் நின்றது. பிழைச்செய்தி எதுவும் வரலை, வரைபடம் அழகாவே இருந்தது. அதுதான் பயம். இப்படி ஒரு கணக்கை நம்பி மலைச்சரிவில் ரோடு போட்டா?

இந்த அனுபவத்தை ஒரு கட்டற்ற உறைநிலத் திட்டத்துக்குக் கொடுக்க நினைச்சேன். கிட் பயன்படுத்தத் தெரியாது. எங்க ஊர் காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு நண்பர்கள் கத்துக்கொடுத்தாங்க. இரண்டே விஷயம் அனுப்பினேன். ஒண்ணு, ஆவணத்தில் கால இடைவெளி பற்றி ஒரு பத்தி. இன்னொண்ணு, காஞ்சிபுரம் மாதிரி மண்ணுக்கு ஒரு சோதனை: சராசரி 28 டிகிரி, மேலும் கீழும் 5 டிகிரி, பனிக்கட்டி கிடையாது.

"உறைநிலத் திட்டத்தில் உறையாத ஊர் எதுக்கு?" என்று பராமரிப்பாளர் கேட்டார், நியாயமான கேள்விதான். பனிக்கட்டி இல்லாத மண்ணுக்குக் காகிதத்திலேயே துல்லியமான விடை கண்டுபிடிக்கலாம். அந்தச் சுலபமான கணக்கிலேயே மாதிரி தப்பினால், லடாக்குக்கு அது சொல்வதை எப்படி நம்புவது? இப்படிப் பதில் எழுதினேன், சேர்த்துக்கொண்டார். இப்போ யார் நிரலை மாற்றினாலும் அந்தச் சோதனை தானா ஓடும்.

நீங்களும் முயற்சி பண்ணணும்னா, பனி பார்த்திருக்க வேண்டியதில்லை. முதல்ல நிறுவிப் பாருங்க. எந்த இடத்தில் முட்டி நின்னீங்களோ, அதைக் குறிச்சுவையுங்க. பெரும்பாலும் அதுவே உங்க முதல் பங்களிப்பு.