காட்டின் மேடுபள்ளம்

கோஸ்டா ரிக்காவின் தெற்கே, சான் வீட்டோ ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகள் முன்பு மழைக்காடு. காடழித்துக் காப்பி போட்டார்கள், மாடு மேய்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். 2004-இல் தொடங்கி, கேரன் ஹோல், ராக்கன் ஸஹாவி ஆகிய சூழலியலாளர்கள் அங்கே 50 மீட்டருக்கு 50 மீட்டர் துண்டு நிலங்களில் காட்டை மீட்க மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஒன்றில் முழுக்க மரம் நட்டார்கள். இன்னொன்றில் திட்டுத்திட்டாக நட்டு நடுவே இடம் விட்டார்கள். மூன்றாவதைச் சும்மா விட்டுவிட்டார்கள். நட்டவை நான்கே வகை; அதில் ஒன்று நம்மூர்க் கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம்.

சில ஆண்டுகள் கழித்து, காடு திரும்புகிறதா என்று எப்படிப் பார்ப்பது? செயற்கைக்கோள் படம் பெரும்பாலும் 'பச்சை' என்று மட்டும் சொல்லும். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பசுமைக் கணக்கு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அந்தத் துண்டு நிலத்துக்கு மூன்று பிக்சல்கூடத் தேறாது. இலை ஓரளவு அடர்ந்துவிட்டால் பசுமை எண்ணும் அதற்குமேல் பெரிதாக ஏறுவதில்லை. யூகலிப்டஸ் தோப்பும் பச்சைதான், சோலைக்காடும் பச்சைதான். நம் நாட்டு வனக் கணக்கெடுப்பிலும், ஒரு ஹெக்டேரும் 10 சதவீத மர நிழலும் இருந்தால் தோப்பும் வனப்பரப்பில் சேர்ந்துவிடும்.

ஸஹாவி குழு 1,500 டாலருக்குள் அடங்கும் ட்ரோனில் கேமராவைக் கட்டி, ஏழு முதல் ஒன்பது வயதான 13 துண்டு நிலங்களின் மேல் பறக்கவிட்டது. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பக்கத்து மரம் விர்ரென்று பின்னால் போகும், தூரத்து மலை அசையாது அல்லவா? மென்பொருள் செய்வதும் அதே கணக்குதான். அடுத்தடுத்த படங்களில் அதிகம் நகரும் கிளை கேமராவுக்குக் கிட்டே, அதாவது உயரத்தில் இருக்கிறது. இப்படிப் புள்ளி புள்ளியாகக் காட்டின் முப்பரிமாண உருவம் எழும்.

2015-இல் வெளியான முடிவில், இப்படிக் கிடைத்த மர உயரம் ஆட்கள் தரையில் அளந்ததோடு நன்றாகவே ஒத்துப்போனது. என்னைக் கவர்ந்தது வேறு. மரத்தலைகளின் உயரம், மேடுபள்ளம், இடைவெளி ஆகியவற்றை வைத்து, ஆறு பழந்தின்னிப் பறவை இனங்கள் எங்கே இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. அந்த ஊகம் தரை அளவீட்டுக்குச் சளைத்ததல்ல. பறவை வந்தால்தான் எச்சத்தில் விதை வரும். நாம் நடாத மரங்கள் முளைக்கும். நட்ட நான்கு வகை நாற்பதாகப் பெருகுவது அப்படித்தான்.

ஆனால் தழை மூடிய காட்டில் கேமராவுக்குத் தரை தெரியாது. தரைமட்டம் தனியே தெரிந்தால்தான் உயரம் சரியாக வரும். கேமராவுக்குப் பதில் லேசரால் அளந்தால், அதன் துடிப்பு இலை இடுக்கு வழியே இறங்கித் தரையைத் தொடும். அதற்குச் செலவு அதிகம். எந்த விதை முளைத்திருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்துச் சொல்ல இன்றும் செடி தெரிந்த ஓர் ஆள் வேண்டும். ட்ரோனுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் அந்த ஆளின் சம்பளத்துக்கும் ஒதுக்கட்டும்.