மாலை வகுப்பால்தான் மதிப்பெண் கூடியதா?

நம் அறக்கட்டளையின் இலவச மாலை வகுப்புக்கு ஒழுங்காக வந்த பிள்ளைகள், வராதவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுத்திருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். "வகுப்பினால் மதிப்பெண் உயர்ந்தது" என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தேன். கல்லூரியில் உளவியல் முதலாண்டு படிக்கும் நம் மஹல்லாப் பெண் ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "மாமா, ஒழுங்காக வருகிறவர்கள் முன்பே நன்றாகப் படிக்கிறவர்களாக இருந்தால்?" என்று கேட்டாள். பதில் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

உளவியல் படிக்கிற பிள்ளைக்குப் புள்ளியியல் எதற்கு என்று பெற்றோர் சிலர் கேட்கிறீர்கள். இப்படிக் கேள்வி கேட்கவும், பதில் தேடவும்தான்.

ஆளுக்கு ஆள் வேறுபடுகிற, நாம் அளக்கவோ வகை பிரிக்கவோ முடிகிற எதுவும் 'மாறி'. வயது, மதிப்பெண், தூங்கும் நேரம் எல்லாமே மாறிகள். எதைக் காரணம் என்று நினைக்கிறோமோ அது சாரா மாறி, இங்கே வகுப்பு. அதனால் எது மாறுகிறது என்று அளக்கிறோமோ அது சார்ந்த மாறி, இங்கே மதிப்பெண். இரண்டோடும் ஒட்டிக்கொண்டு நம்மை ஏமாற்றுவது குழப்பும் மாறி. பிள்ளையைத் தினமும் விசாரிக்கும் பெற்றோர், வகுப்புக்கும் தவறாமல் அனுப்புவார்கள், வீட்டிலும் படிக்க வைப்பார்கள். மதிப்பெண் எதனால் கூடியது?

இந்தச் சிக்கலை அவிழ்த்த ஆய்வு ஒன்று சென்னையில் நடந்தது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தால்தான் குணமாகும் என்று நம்பிய காலம். படுக்கைகளோ போதவில்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து ஒரு மையம் தொடங்கி இதைச் சோதித்தன. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம்.

193 ஏழை நோயாளிகள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் தீர்மானித்திருந்தால், நோய் முற்றியவர்கள் ஒரே பக்கம் சேர்ந்திருப்பார்கள். அதனால் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வேறுபட்டது சிகிச்சை பெற்ற இடமும் அதோடு வரும் சாப்பாடு, ஓய்வும்தான்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100க்கு 92, வீட்டில் 100க்கு 86. அந்த 6 வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதா? இதைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் புள்ளியியல். வீட்டில் வறுமையும் நெருக்கடியும் இருந்தும் சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறைக்கு வழி திறந்தது. மருந்து சாப்பிடுகிறவரைக் குடும்பத்திலிருந்து ஒதுக்கி வைக்கிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி நம் வகுப்பு. நீங்கள் தரும் ஸதகா எங்களிடம் அமானிதம். பலன் தராத வேலையில் அது கரையக் கூடாது. ஆகவே இவ்வாண்டு சேரும் ஒவ்வொரு பிள்ளையின் சென்ற ஆண்டு மதிப்பெண்ணையும் முதலிலேயே குறித்துக்கொள்வோம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சிபாரிசு கிடையாது, குலுக்கல்தான். இடம் கிடைக்காதவர்களுக்கு அடுத்த அணியில் முதலிடம். ஆண்டு முடிவில் இரு தரப்பிலும் மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட்டு, வந்த முடிவை அப்படியே இதே இதழில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ். பலன் இல்லை என்று தெரிந்தாலும் மறைக்க மாட்டோம். வகுப்பை மாற்றி அமைப்போம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையே கணக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பெற்றோர் பழைய மதிப்பெண் பட்டியலின் நகலை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

— செயலாளர், கரியமாணிக்கம்