தேத்தண்ணியும் பிஸ்கட்டும் போதுமா?



சம்பளம் வந்ததும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அரிசிக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு இவ்வளவு, மோட்டார் தவணைக்கு இவ்வளவு, கடையில் 555 புத்தகத்தில் ஏறிய கடனுக்கு இவ்வளவு. ஆனால் வீட்டிலிருக்கும் வயதான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ என்ன சாப்பாடு என்று தனியாக யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களும் கேட்க மாட்டார்கள். நாம் கேட்டாலும், "வயசான கட்டைக்கு என்னய்யா வேணும்? ஒரு தேத்தண்ணி, நாலு பிஸ்கட்டு போதும்" என்று சொல்லிவிடுவார்கள். மீன் துண்டு பேரப்பிள்ளைக்குப் போகும். பாட்டியின் தட்டில் குழம்பு மட்டும் விழும்.

இது பாசத்தால் செய்வது. ஆனால் உடம்புக்குப் பெரிய கேடு. வயதானால் சாப்பாடு குறையலாம், சத்து குறையக் கூடாது. அதைத்தான் இந்த மாதம் சொல்ல வருகிறேன்.

நாற்பது வயதுக்குள்ளாகவே நம் உடம்பில் சதை மெல்லக் கரையத் தொடங்கிவிடுகிறது. அறுபதுக்கு மேல் அது வேகமெடுக்கும். நான் சதை என்று சொல்வது கொழுப்பை அல்ல. ஏணி போட்டுப் பால் வெட்டிய கை, குலை தூக்கிய தோள், மேடு ஏறிய தொடை, இவற்றில் இருந்த தசையைச் சொல்கிறேன். அது கரைந்தால் முதலில் உட்கார்ந்து எழுந்திருப்பது கஷ்டமாகும். பிறகு குளியலறையில் கால் தடுமாறும். ஒருநாள் விழுந்து இடுப்பு எலும்பு முறியும். விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். ஒரு துண்டு மீனில் மிச்சம் பிடித்தது எங்கே போய் முடிகிறது பாருங்கள்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பெரியவரை ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார வையுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, கை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ, தசை பலம் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அதேபோல, உடுத்தும் கைலியும் பாவாடையும் தளர்ந்துகொண்டே வந்தால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். 50 கிலோ இருந்தவர், மெலிய வேண்டும் என்று முயற்சி செய்யாமலே, சில மாதத்தில் 47 கிலோவுக்கு இறங்கினால் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தசையைக் காப்பது புரதச் சத்து. வயதானவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். அதாவது, 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். காலையில் தேத்தண்ணி பிஸ்கட், மத்தியானம் சோறும் குழம்பும், ராத்திரி கஞ்சி என்று சாப்பிட்டால் 20 கிராமை ஒட்டித்தான் கிடைக்கும். வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது.

தேத்தண்ணியில் டின் பால் ஊற்றுகிறோமே என்பீர்கள். டின்னைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் "கிரீமர்" என்று போட்டிருக்கும். அதில் ஏறக்குறைய பாதி சீனி. மீதியில் நம் செம்பனையிலிருந்து வரும் எண்ணெயும் கொஞ்சம் பால் பவுடரும் இருக்கும். நாளைக்கு நான்கு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்று வைத்தாலே ஒரு மாதத்தில் ஒருவர் ஏறக்குறைய ஒரு கிலோ சீனியைக் குடித்துவிடுகிறார்.

சரி, நல்ல சாப்பாட்டுக்குக் காசுக்கு எங்கே போவது? கோழியும் ஆட்டிறைச்சியும்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. கெம்போங் மீனில் ஒரு நல்ல துண்டுக்கு 10 கிராம் கிடைக்கும். கெட்டியான பருப்பு ஒரு அகப்பைக்கு 6 கிராம். 100 கிராம் தெம்பேயில் 18 கிராமுக்குக் குறையாது. வழக்கமான சாப்பாட்டோடு இந்த நான்கையும் ஒரு நாளில் பிரித்துக் கொடுத்தால் மேலே சொன்ன 60 கிராம் வந்துவிடும். தெம்பே கிடைக்காத இடத்தில் தவு வாங்கலாம். பல் இல்லாதவருக்கு மீனை முள் எடுத்துப் பிசைந்து கொடுங்கள், முட்டையைக் கஞ்சியில் அடித்து ஊற்றுங்கள். கருவாடும் நெத்திலியும் நல்லதுதான், ஆனால் ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு உப்பு ஆகாது. ஊறவைத்துக் கழுவி, குறைவாகப் போடுங்கள். 2025-இல் அடையாள அட்டை வழியாகக் கொடுத்த சாரா உதவியில் முட்டையும் டின் மீனும் வாங்க முடிந்தது. அப்படி உதவி கைக்கு வரும்போது இனிப்புப் பானத்தை எடுக்காமல் முட்டைத் தட்டை முதலில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இனிப்புநீர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் நாட்டில் எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே மற்றவர்களைவிட அதிகம். சிலர் "பசியில்லை" என்று சாப்பாட்டை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார்கள். சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் சாப்பாடில்லாத வயிற்றில் சீனி அளவை ஆபத்தாக இறக்கிவிடும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால், நினைவு இருக்கும்போதே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று மருந்தைத் தானாக நிறுத்துவதும் தவறு. அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்கள் சாதாரணமாக ஒரு வெள்ளி கட்டினால் டாக்டரைப் பார்த்து மருந்தும் வாங்கலாம்.

சாப்பாட்டோடு அசைவும் வேண்டும். வேலையிலிருந்து நின்றவுடன் நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். காலையில் கோயில்வரை நடங்கள். வீட்டுப் பின்னால் நாலு பாத்தி கீரை போடுங்கள், முருங்கை ஒன்று நடுங்கள். நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்காருவதும் நல்ல பயிற்சிதான். அதற்குக் காசில்லை.

பெரியவர்களே, நீங்கள் சாப்பிடும் மீன் துண்டு பேரப்பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கியது ஆகாது. நீங்கள் நடமாடிக்கொண்டிருப்பதுதான் அந்தப் பிள்ளைக்குப் பலம். இளையவர்களே, இன்று ராத்திரி சோறு போடும்போது அம்மாவின் தட்டை எட்டிப் பாருங்கள். வெறும் குழம்பு இருந்தால், அவர் வேண்டாம் என்றாலும் ஒரு முட்டையாவது வைத்துவிட்டு அப்புறம் நீங்கள் உட்காருங்கள்.