கடல்மணலில் துலிப் மலருமா?



வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர் சிலர், பயணப் பெட்டியில் வெங்காயத்தை ஒத்த கிழங்குகள் சிலவற்றையும் கொண்டுவருகின்றனர். உறையின்மேல் சிவப்பும் மஞ்சளுமாகத் துலிப் மலர்களின் படம் இருக்கும். கல்முனையிலோ மருதமுனையிலோ வீட்டு வளவில் அவற்றை நட்டு, நாள்தோறும் நீர் வார்த்துக் காத்திருப்பர். இரண்டு மூன்று இலைகள் தலைகாட்டும். பூ வராது. சில வாரங்களில் கிழங்கு அழுகிவிடும். "இந்த உப்பு மணலில் என்னதான் வளரும்?" என்று பழி மண்ணின்மேல் விழும்.

இப்பழி பொருந்தாது. ஒல்லாந்து நாட்டில் துலிப்புக்குப் பெயர்பெற்ற வயல்கள், ஹார்லெம், லெய்டன் என்னும் நகரங்களுக்கு இடையே, கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்புறத்தில் அமைந்தவை. அவையும் மணல் நிலங்களே. நீர் தேங்கும் களிமண்ணில் கிழங்கு அழுகும். நீர் வடியும் மணலில் நலமாயிருக்கும். உப்பும் மணலில் நெடுங்காலம் தங்குவதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது நம் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. ஆயினும் அடுத்தடுத்து வந்த மாரி மழைகள் மணலைக் கழுவ, தோட்டங்கள் மீண்டும் தழைத்தமை நாம் கண்டதே.

பின் குறை யாது? குளிர் இல்லாமையே குறை. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சாரல்கள். அங்கிருந்து துருக்கிக்கும், துருக்கியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அது சென்றது. தலைப்பாகையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் ஐரோப்பியப் பெயர் பிறந்தது என்பர். லெய்டன் தோட்டத்தில் அது 1594 இல் மலர்ந்தது. பின்னர் ஒல்லாந்தர் அதன்மீது கொண்ட மோகத்தில் ஒரு கிழங்குக்கு ஒரு வீட்டின் விலை பேசினர். 1637 பெப்ரவரியில் அவ்வியாபாரம் சரிந்தது. மறு ஆண்டிலேயே அவர்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர் என்பது நமக்குச் சுவையான செய்தி. ஆனால் துலிப் இங்கு நிலைபெறவில்லை.

துலிப் கிழங்கினுள்ளே வருங்காலப் பூவின் கரு முன்னரே அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் கடுங்குளிரில் கிடந்தால்தான், உள்ளிருக்கும் மாப்பொருள் சர்க்கரையாக மாறி, தண்டு நீண்டு, அக்கரு வெளிப்படும். காஷ்மீரத்தின் ஸ்ரீநகரில் பெருந்துலிப் தோட்டம் ஒன்று பூப்பதற்கு அங்குள்ள பனிக்காலமே காரணம். நமக்கோ தை மாத இரவிலும் போர்வை தேவைப்படுவது அரிது.

இதனை அறிந்தும் முயல விரும்புவோர் குளிர்சாதனப் பெட்டியை நாடலாம். ஐப்பசியில் கிழங்குகளைக் கடதாசிப் பையிலிட்டு, உறையாத தட்டில் மூன்று மாதங்களுக்குச் சற்று மேலாக வைக்கவேண்டும். அருகில் மாம்பழமோ வாழைப்பழமோ இருத்தலாகாது. பழங்கள் விடும் வாயு பூக்கருவைக் கொன்றுவிடும். பையின்மேல் பெயர் எழுதுதல் மிக அவசியம். துலிப் கிழங்கு நச்சுத்தன்மை உடையது. சமையலறையில் வெங்காயமென எண்ணி எடுத்துவிடக் கூடாது. பின்னர் பூச்சாடியில் நட்டு, மழை படாத நிழலில் வைக்கலாம். பூத்தாலும் தண்டு குறுகியிருக்கும். சில நாள்களில் வாடும். மறு ஆண்டு பூக்காது. இத்தனை பாடும் ஒரு சில நாள் அழகுக்காகவா என்பது என் ஐயம். மேலும், அனுமதிப் பத்திரமின்றி நாற்றுப் பொருள்களை நாட்டிற்குள் கொண்டுவருதலை 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கின்றது. கிழங்கோடு நோய்க்கிருமியும் வரக்கூடும் அன்றோ?

கிழங்கு நட்டுப் பூக் காணும் இன்பமே வேண்டுமெனில், நிலச்சம்பங்கியைப் பரிந்துரைப்பேன். மெக்சிக்கோவிலிருந்து வந்த இது வெப்பத்தை விரும்புவது. ஒரு அங்குலத்திற்குக் குறையாத பருமனுடைய கிழங்குகளைத் தேர்ந்துகொள்க. மாரி மழை ஓய்ந்தபின், தை இறுதியிலோ மாசியிலோ, நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சைக் குழிந்த பக்கம் மேல்நோக்குமாறு பரப்பி, அதன்மேல் மக்கிய மாட்டெருவும் மணலும் கலந்து நிரப்புக. பொச்சு ஈரத்தைப் பிடித்துவைக்கும். இரண்டு அங்குல ஆழத்தில், சாண் இடைவெளியில் நடுக. கிணற்று நீர் நாவுக்கு உவர்த்தால் அதனை வார்க்காதீர்கள். மூன்று நான்கு மாதங்களில் பூந்தண்டு எழும். அரும்புகள் அடியிலிருந்து நுனிநோக்கி ஒவ்வொன்றாய் விரியும். மாலைக்குப் பின் எழும் நறுமணம் அயல் வளவு வரை செல்லும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடிமண்ணை உலர்ந்த தென்னோலையால் மூடிவைக்கவேண்டும். ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை என்பதைப் பலர் அறியார்; இலை பழுத்ததும் அதனை எறிந்துவிடுகின்றனர். அதனைச் சூழ்ந்து பிறந்திருக்கும் சிறு கிழங்குகளைப் பிரித்து, நிழலில் உலர்த்தி, அடுத்த தை வரை காற்றோட்டமான ஓலைப்பெட்டியில் வைத்திருங்கள். அவற்றுள் பருத்தவை அவ்வாண்டே பூக்கும். சிறியவை மேலும் ஓராண்டு கேட்கும்.