காற்றுக்கு மேலே ஒரு கண்

மேகமற்ற இரவில் விண்மீன்கள் கண்சிமிட்டுகின்றன என்கிறோம். உண்மையில் எந்த விண்மீனும் சிமிட்டுவதில்லை. பல ஆண்டுகள், சில வேளைகளில் பல நூறு ஆண்டுகள், வெட்டவெளியில் தடையின்றி வந்த ஒளி தன் பயணத்தின் கடைசி நொடியில்தான் புவியின் வளிமண்டலத்துள் நுழைகிறது. அங்கே வெப்பக் காற்றும் குளிர்காற்றும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருப்பதால் ஒளியின் பாதை நடுங்குகிறது. அந்த நடுக்கமே நமக்குச் சிமிட்டலாகத் தோன்றுகிறது. கவிஞர்க்கு உவமையான இது வானியலார்க்குத் தீராத தொல்லை. எவ்வளவு பெரிய தொலைநோக்கியை அமைத்தாலும், ஓடும் நீரின் அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்ப்பதுபோலக் காட்சி கலங்கித் தெரியும். இதனினும் பெரிய தடை ஒன்றும் உண்டு. விண்பொருள்கள் அனுப்பும் எக்ஸ் கதிர்களையும், புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பகுதியையும் வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. உயிர்களுக்கு அது காப்பு. வானியலுக்கு அது திரை.

திரைக்கு மேலே சென்று பார்த்தால் என்ன? அமெரிக்க வானியலார் லைமன் ஸ்பிட்சர் இக்கருத்தை 1946ஆம் ஆண்டில் எழுத்தில் முன்வைத்தார். முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏறுவதற்குப் பதினோராண்டுகள் முன்பே அவர் இதை எண்ணினார் என்பது வியப்பிற்குரியது. அவ்வெண்ணம் நிறைவேற நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்வெளி ஓடம், 2.4 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட ஹபிள் தொலைநோக்கியைச் சுமந்து புறப்பட்டது. பால்வழிக்கு அப்பாலும் விண்மீன் திரள்கள் உள்ளன என்று மெய்ப்பித்த எட்வின் ஹபிளின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

உலகம் தெளிந்த படங்களுக்காகக் காத்திருந்தது. வந்த படங்களோ மங்கலாக இருந்தன. ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன், ஒளி சிதறிய வட்டமாகத் தெரிந்தது. ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. முதன்மை ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரான் அளவு தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் இது ஐம்பதில் ஒரு பங்கு. ஆடியின் நடுப்பகுதியிலும் விளிம்பிலும் பட்டுத் திரும்பிய கதிர்கள் ஒரே குவியத்தில் சேரவில்லை. இயற்பியலில் நீங்கள் பயிலும் கோளப்பிறழ்ச்சி இதுவே.

இப்பிழை நேர்ந்த விதம் அறியத்தக்கது. ஆடியைத் தேய்த்தவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். அவ்வளவு வழுவழுப்பான ஆடி அதுவரை அரிது. ஆனால் வளைவைச் சோதிக்கும் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்தது. தவறான அளவுகோலைக்கொண்டு மிகத் துல்லியமாகத் தேய்த்ததால், ஆடி மிகத் துல்லியமாகத் தவறிப்போயிற்று. வேறு சில எளிய சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டவே செய்தன. அக்கருவிகள் நுட்பம் குறைந்தவை என்று கருதி அவற்றின் முடிவுகளை ஒதுக்கிவிட்டனர். இடம் தவறிய வில்லையைவிட இவ்வாறு ஒதுக்கியதே பெரும் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆய்வகத்தில் இரண்டு அளவீடுகள் முரண்படும்போது விருப்பமானதை மட்டும் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் நம்மிடமும் உண்டு.

விண்ணில் சுற்றும் தொலைநோக்கியின் முதன்மை ஆடியை மாற்ற இயலாது. எனினும் ஒரு நல்வாய்ப்பு இருந்தது. பிழை எவ்வளவு என்பது கணக்கிடக்கூடியதாக இருந்தது. அதே அளவு எதிர்ப்பிழையுள்ள சிறு ஆடிகளை ஒளியின் வழியில் நிறுத்தினால் ஒன்றை மற்றொன்று சரிசெய்துவிடும். பார்வைக் குறை உடையவர்க்குக் கண்ணாடி அணிவிப்பது போன்றதுதான். நாணய அளவே உள்ள அந்த ஆடிகளை நெருக்கமான கருவிகளுக்கிடையே எவ்வாறு கொண்டுபோய் நிறுத்துவது என்பதே சிக்கல். செருமனியில் ஒரு விடுதியின் குளியலறையில் நின்றிருந்த பொறியாளர் ஜேம்ஸ் கிராக்கர், அங்கே நீர்த்தூவி ஒரு கம்பியில் மேலும் கீழும் நகர்ந்து, வேண்டிய பக்கம் திரும்புவதைக் கண்டார். அதேபோல மடங்கி நீளும் கைகளில் ஆடிகளைப் பொருத்தலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. காஸ்டார் என்னும் திருத்தும் கருவி அவ்வாறு உருவாயிற்று. 1993 திசம்பரில் எண்டெவர் ஓடத்தில் சென்ற ஏழு விண்வெளி வீரர்கள், அடுத்தடுத்து ஐந்து முறை விண்வெளி நடை மேற்கொண்டு, காஸ்டாரையும், திருத்தத்தைத் தன்னுள்ளேயே கொண்ட புதிய ஒளிப்படக் கருவியையும் பொருத்தினர். அடுத்த மாதமே விண்மீன்கள் கூரிய புள்ளிகளாகத் தெரிந்தன.

தெளிந்த கண் கிடைத்ததும் அதைக்கொண்டு எதைப் பார்ப்பது என்னும் போட்டி எழுந்தது. ஒவ்வொரு மணி நேரத்திற்கும் உலகெங்குமிருந்து விண்ணப்பங்கள் குவிந்தன. அந்நிலையில் ஹபிளின் அறிவியல் பணிகளை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் இராபர்ட் வில்லியம்ஸ், தமக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தை ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கச் செலவிட முடிவு செய்தார். நம் முன்னோர் எழுமீன் என்றழைத்த கூட்டம் அமைந்துள்ள பெருங்கரடி மண்டலத்தில், விண்மீன்கள் அரிதாகவே உள்ள ஓர் இருண்ட துண்டைத் தேர்ந்தெடுத்தார். பத்து ரூபாய் நாணயம் ஒன்றை ஏறத்தாழ முப்பத்தைந்து மீட்டர் தொலைவில் வைத்தால் அது மறைக்கும் அளவே அத்துண்டின் அகலம். அங்கே எதுவும் தெரியாமற்போகலாம் என்று அறிஞர் சிலர் தடுத்தனர். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. பழுதுபார்த்த சிறிது காலத்திலேயே வெறும் இருட்டைப் படமெடுத்திருந்தால் ஹபிள் மீண்டும் நகைப்பிற்கு இடமாகியிருக்கும்.

1995 திசம்பர் 18 முதல் 28 வரை ஹபிள் அந்த இருட்டையே நோக்கி 342 படங்களை எடுத்தது. அவற்றை ஒன்றிணைத்தபோது ஏறத்தாழ 3000 விண்மீன் திரள்கள் தெரிந்தன. புள்ளி ஒவ்வொன்றும் எண்ணற்ற விண்மீன்களின் தொகுதி. வானம் முழுவதிலும் 2 கோடியே 40 இலட்சத்தில் ஒரு பங்கே இத்துண்டு என்பதை நினைவிற்கொண்டு, மொத்த எண்ணிக்கையை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அப்படம் எண்ணிக்கையை மட்டும் தரவில்லை. ஒளி பயணம் செய்யக் காலம் எடுத்துக்கொள்வதால் தொலைவைப் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பதேயாகும். கதிரவனை எட்டு நிமிடத்திற்கு முன்பிருந்த நிலையில் காண்கிறோம். ஆண்ட்ரோமெடா திரளை ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலையில் காண்கிறோம். அப்படத்தின் மிகத் தொலைவான திரள்களிலிருந்து ஒளி புறப்பட்டு 1200 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவை இன்றைய சுருள்வடிவத் திரள்கள்போல் ஒழுங்குறாமல், சிறியனவாகவும் உருக்குலைந்தும் காணப்பட்டன. சிறு திரள்கள் மோதி இணைந்தே பெருந்திரள்கள் வளர்ந்தன என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது. வில்லியம்ஸ் அத்தரவுகளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் உடனே அனைவர்க்கும் திறந்துவிட்டார்.

ஹபிள் பெரும்பாலும் நம் கண் காணும் ஒளியிலேயே பார்த்தது. கதிர் மாறினால் வானமும் மாறும். இரவு வானின் மிக ஒளிமிக்க விண்மீன் சிரியசு. அதற்குப் புவியளவே உள்ள வெண்குறுமீன் ஒன்று துணையாக உள்ளது. கண் காணும் ஒளியில் அத்துணையைவிடச் சிரியசு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு ஒளியுடையது. 1999இல் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி எடுத்த படத்திலோ துணையே பேரொளியாகவும் சிரியசு மங்கலாகவும் தெரிகின்றன. வெண்குறுமீனின் மேற்பரப்பு 25,000 பாகை வெப்பமுடையது என்பதே காரணம். அத்தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகச் சூட்டிய பெயர் அது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. உங்களைவிட மூன்று வயதே மூத்தவர்.

அண்டம் விரிவதால் மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் நீண்டு அகச்சிவப்பாகிவிடுகிறது. அதைக் காண 2021 திசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏவப்பட்டது. பொன்முலாம் பூசிய பதினெட்டு அறுகோணத் துண்டுகள் சேர்ந்த அதன் ஆடி 6.5 மீட்டர் அகலமுடையது. வெப்பமுள்ள எப்பொருளும் அகச்சிவப்பை உமிழும். ஆகவே தன் வெப்பமே தன் பார்வையை மறைக்காதிருக்க ஐந்தடுக்குத் திரையின் நிழலில், புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது குளிர்ந்து நிற்கிறது. 2022இல் அது 700 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வாஸ்ப் 39 பி என்னும் கோளின் வளிமண்டலத்தில் கார்பன் டைஆக்சைடு இருப்பதை உறுதிசெய்தது. கோள் தன் விண்மீனுக்கு முன்னே கடக்கும்போது, விண்மீனின் ஒளியில் சிறுபகுதி அக்கோளின் காற்றின் ஊடே வருகிறது. அந்நிறமாலையில் எந்த அலைநீளம் குறைந்துள்ளது என்று பார்த்தே வாயுவை அறிகின்றனர். நம் காற்றை விலக்கிச் சென்ற அறிவியல், வேறோர் உலகின் காற்றை இவ்வாறு ஆராய்கிறது.

வெப் நிற்கும் தொலைவுக்குப் பழுதுபார்க்கச் செல்ல எவராலும் இயலாது. ஒன்று தவறினாலும் திட்டமே வீணாகக்கூடிய கூறுகள் 344 என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் புவியிலேயே சோதித்தனர். ஹபிளுக்கு வீரர்கள் கடைசியாகச் சென்றது 2009 மே மாதத்தில். அதற்குள் அதன் கருவிகள் யாவும் திருத்தத்தைத் தம்முள் கொண்டவையாக மாற்றப்பட்டுவிட்டமையால், காஸ்டாரைக் கழற்றிப் புவிக்குக் கொண்டுவந்தனர். அது இப்போது வாசிங்டன் விண்வெளி அருங்காட்சியகத்தில் உள்ளது. முதன்மை ஆடியோ அதே 2.2 மைக்ரான் பிழையுடன் இன்றும் புவியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.