டிக்கெட்டில் இருக்கும் பயண நேரத்தைப் பாருங்கள்

சென்னைக்கும் டெல்லிக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். டிக்கெட்டில் பயண நேரம் பெரும்பாலும் இரண்டே முக்கால் மணிக்கு மேல் போட்டிருக்கும். இது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து டெல்லியில் போய் நிற்பதுவரை எல்லாம் சேர்ந்த கணக்கு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிகள் இந்த நேரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. கிலோமீட்டர் அங்கே கணக்கில் வராது.

பயண நேரம் இரண்டரை மணிக்குள் என்றால், இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடும் சிற்றுண்டியும் தர வேண்டும். சென்னை–பெங்களூரு, சென்னை–மதுரை எல்லாம் இதில் அடங்கும். டெல்லி விமானத்துக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்குத்தான். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஹோட்டல் அறையும் தர வேண்டும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் நாற்காலியில் இரவைக் கழிப்பவர்கள் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

முறைப்படி முன்கூட்டியே சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணமோ மாற்று விமானமோ தருவதோடு இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான் கிடைக்கும்.

மூடுபனி, புயல் போன்றவற்றால் ரத்தானால் இழப்பீடு கிடையாது. டிசம்பர், ஜனவரியில் டெல்லி போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விலக்கு இழப்பீட்டுக்கு மட்டும்தான். “பனி சார், ஒன்றும் செய்ய முடியாது” என்று டிக்கெட் பணத்தையும் மறுக்க முடியாது.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. முன்பதிவில் உங்கள் தொடர்பு விவரம் சரியாக இல்லாவிட்டால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்கிறது விதி. ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுக்கும்போது பல இடங்களில் அவர்களுடைய எண்ணையே போட்டுவிடுகிறார்கள். உங்கள் கைபேசி எண்ணைப் போடச் சொல்லி, டிக்கெட்டை வாங்கிச் சரிபாருங்கள். டெல்லியிலிருந்து வேறு ஊருக்குப் போவதானால் இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் நஷ்டம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

தாமதம் என்று தெரிந்ததும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சாப்பாட்டுக்கும் டாக்ஸிக்கும் ஆன ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.