ஆற்று மணலில் யவனர் காசு

நாமக்கல்லிலிருந்து தெற்கே மோகனூர் சென்று காவிரிக் கரையில் நின்றால், எதிரே விரிந்து கிடப்பது கரூர்ச் சீமை. சற்றுத் தூரத்தில் திருமுக்கூடலூரில் அமராவதி வந்து காவிரியோடு கலக்கிறது. சங்கப் புலவர்கள் ஆன்பொருநை என்று கொண்டாடிய ஆறு இதுதான். இதன் மணலைச் சலித்துப் பொன் துணுக்கும் பழங்காசும் தேடுவோர் உண்டு. பச்சைக் களிம்பேறிய சிறு செப்புக் காசு அவர்களுக்கு அகப்பட்டால் அதற்கு என்ன மதிப்பு? நிறுத்துப் பார்த்துச் செம்பின் விலை பேசுவார்கள். ஓட்டைப் பாத்திரங்களோடு சேர்ந்து அதுவும் உலைக்குப் போய்விடும்.

அப்படிக் கிடைத்த காசுகளில் சில, கடல் கடந்து கிரேக்க நாட்டிலிருந்து வந்தவை என்றால் நேயர்கள் வியப்படையலாம். ஆயினும் அது கற்பனையன்று. 'தினமலர்' ஆசிரியராக விளங்கி 2021-ஆம் வருஷம் காலமான டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி, நாணய ஆராய்ச்சிக்கே தம் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டவர். கரூரில் அகப்பட்ட, ரோமாபுரியைச் சேராத அயல்நாட்டுக் காசுகளைப் பற்றி அவர் 2000-ஆம் வருஷம் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். ரோட்ஸ், கிரீட் என்னும் தீவுகளின் காசுகளும், தெஸ்ஸலி, திரேஸ் பகுதிகளின் காசுகளும், ஸிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னர்களின் காசுகளும் அதில் இடம் பெற்றிருக்கின்றன.

ரோமானியப் பொன்னும் வெள்ளியும் நம் நாட்டில் கிடைப்பது புதிதல்ல. சேலம் பிரதேசத்துக் கோனேரிப்பட்டியிலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் அகப்பட்டுள்ளன. அவை மிளகுக்கும் மணிக்கும் ஈடாக மூட்டை மூட்டையாக வந்த பணம். செப்புக் காசின் கதையோ வேறு. ரோட்ஸ் தீவின் கடைத் தெருவில் கீரை வாங்க உதவும் சில்லறையைக் கப்பலேற்றி அனுப்பி எந்த வர்த்தகன் லாபம் காண்பான்? அது ஒரு மாலுமியின் இடுப்புப் பையிலோ, வியாபாரியின் முடிச்சிலோ தங்கித் தற்செயலாக வந்திருக்க வேண்டும். பொற்காசு வந்தது என்றால் பணம் வந்தது என்று பொருள். செப்புக் காசு வந்தது என்றால் மனிதனே வந்தான் என்று கருத இடமுண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் இருந்து கிரேக்க மொழியில் பூகோள நூல் எழுதிய தாலமி, சேரர் தலைநகரைக் 'கரூரா' என்றே குறித்திருக்கிறார்.

இத்தகைய காசை எப்படி அடையாளம் காண்பது? முதலில் காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். இழுத்தால் அது செம்புமன்று, வெண்கலமுமன்று. பிறகு விளிம்பைக் கவனியுங்கள். புராதன கிரேக்கக் காசுகளில் பெரும்பாலானவை இரண்டு அச்சுக்களுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தவை. ஆதலால் வட்டம் கோணலாயிருக்கும், உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடும், முகத்தில் ஊசித் துளைகளும் தென்பட்டால், பிற்காலத்தில் வார்த்த போலி என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது சின்னம். நம் மூவேந்தர்களின் காசுகளில் வில்லும் மீனும் புலியும் போல, கிரேக்க நகரங்களுக்கும் தனிச் சின்னங்கள் உண்டு. ஆதென்ஸுக்கு ஆந்தை, கொரிந்துக்குச் சிறகு முளைத்த குதிரை. ரோட்ஸ் காசில் ஒரு புறம் சூரிய தேவன், மறு புறம் ரோஜா மலர். கிரேக்க மொழியில் 'ரோடன்' என்றால் ரோஜா. நகரின் பெயரையே மலராகப் பொறித்த சாதுரியம் அது! செலூக்கியர் காசில் நங்கூரமும் அப்போலோ தேவனும் வருவதுண்டு. எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தார் காசில் கழுகு நிற்கும்.

எழுத்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஆங்கிலம் படித்தவர்களே இங்கு ஏமாறுவார்கள். 'பி' போலத் தோன்றும் கிரேக்க எழுத்து 'ர'கரம். 'பஸிலேயோஸ்' என்ற சொல் இருந்தால் 'அரசனுடைய' என்று பொருள். பக்கத்தில் அரசன் பெயரைத் தேடலாம். சதுரச் செப்புக் காசாகி, ஒரு புறம் கிரேக்கமும் மறு புறம் கரோஷ்டியும் இருந்தால், அது நம் தேசத்தின் வடமேற்கை ஆண்ட மிலிந்தன் போன்ற யவன மன்னர்களுடையதாக இருக்கலாம். கிரேக்க எழுத்தே இன்றி யானையும் வில்லும் மட்டும் இருந்தால், அது நம் சேரன் காசு. அதன் பெருமை எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இனி விலை. அபூர்வம், உருவத் தெளிவு, களிம்பின் அழகு ஆகிய மூன்றையும் கொண்டே ஐரோப்பியச் சந்தையில் மதிப்பிடுகிறார்கள். அங்கே தேய்ந்த சாதாரணக் கிரேக்கச் செப்புக் காசு ஒரு நல்ல புடவையின் விலைகூடப் பெறாது. புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிட்டாலோ அந்த விலையும் போயிற்று. இரண்டாயிரம் வருஷக் களிம்போடு எழுத்தும் தேய்ந்து போகும்.

ஆனால் நமக்கு வேறொரு மதிப்பு உண்டு. அது கிடைத்த இடம். ரோட்ஸ் காசு ரோட்ஸில் கிடைத்தால் வெறும் காசு. அமராவதி மணலில் கிடைத்தால் அது சரித்திரம். துரதிர்ஷ்டவசமாக, ஆற்று மணலில் பொறுக்கிய காசுகள் வியாபாரிகளின் கை மாறியே ஆராய்ச்சியாளரிடம் சேருகின்றன. எந்த ஊர், எந்த ஆழம், உடன் கிடைத்தவை யாவை என்று எழுதி வைப்பார் இல்லை. "இது பிற்காலத்தில் எவரோ கொண்டுவந்து போட்டதன்று என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஒருவர் கேட்டால் நாம் வாயடைத்து நிற்க நேரிடுகிறது.

1898-ஆம் வருஷம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமானியப் பொற்காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அவற்றில் பல லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தைச் சேர்ந்தன. அன்று நாம் பிறர் ஆளுகையில் இருந்தோம். இன்று நம் செல்வத்தை நாமே பாத்திரக் கடைக்கு அனுப்பினால் யாரைக் குறை கூறுவது?

பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் வருஷத்துச் சட்டம். பழம்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்துக்கு அப்பால், வீட்டில் உள்ளவர்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பாட்டியின் பெட்டியிலோ, தோட்டம் கொத்தும்போதோ பழங்காசு அகப்பட்டால் துலக்காதீர்கள். ஒரு காகித உறையில் இட்டு, கிடைத்த ஊர், இடம், தேதி மூன்றையும் உறையின்மேல் எழுதுங்கள். எழுத அறிந்த பள்ளிச் சிறுவனே இதைச் செய்யலாம். பெயர் தெரியாத அந்த யவனன் இந்த மண்ணை மிதித்ததற்குச் சாட்சியாக நிற்கப்போவது, காசோடு சேர்ந்து அந்த உறையும்தான்.